அசையாமல் உட்காரத் தெரிந்தவள்

தனபாக்கியத்துக்குப் படம் வரைய வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது படம் சம்பந்தப்பட்ட கதை என்பதால், கடைசியில் அவள் பெரிய ஓவியராகிவிடுவாள் என்று யாராவது ஆசையாகப் படித்துக்கொண்டே போய் ஏமாந்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அவள் வரைந்த மனிதர்களுக்கெல்லாம் கை முழங்கால்வரை தொங்கும், கழுத்து இருக்காது. ஆனால் அவளுக்கு வேறொன்று தெரியும். அசையாமல் உட்காரத் தெரியும். அதில் பதினான்கு வருஷப் பயிற்சி.

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். முப்பது வயதில், ஆறு வயது மகள் வான்மதியைக் கையில் பிடித்துக்கொண்டு, கணவன் சேனாபதியோடு நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தாள். இப்போது வெஸ்ட் வின்ட்சரில் வீடு. சேனாபதி தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி ஜெர்சி சிட்டிக்குப் போய் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறான். அவன் விசாவில் வேலை செய்யலாம். அவள் விசாவில் கூடாது. அவளுடையதற்குப் பெயரே டிபென்டன்ட், அதாவது ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவில் ஒருமுறை அவளுக்கும் வேலை அனுமதி அட்டை வந்தது. இங்கே டீச்சர் ஆவதற்கு எழுத வேண்டிய பரீட்சைகளுக்கு அவள் படித்து முடிப்பதற்குள் அட்டை காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி அனுப்பிய மனு பத்து மாதமாக யாருடைய மேஜையிலோ தூங்குகிறது.

அந்த வீட்டில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். சேனாபதி, தனபாக்கியம், வான்மதி, அப்புறம் ஃபைல். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் நீல நிறத்தில் உப்பிப்போய் உட்கார்ந்திருக்கும் அதற்குள்தான் கிரீன் கார்டு சம்பந்தப்பட்ட காகிதம் எல்லாம் இருக்கிறது. யார் என்ன செய்ய நினைத்தாலும் அது ஃபைலுக்கு ஆகுமா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். சேனாபதி கம்பெனி மாறவில்லை, ஃபைலுக்கு ஆகாது. தனபாக்கியம் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகவில்லை, திரும்பி வர விசா முத்திரை விழாவிட்டால் ஃபைல் என்னாவது? பக்கத்து வீட்டு மரம் இவர்கள் வேலிமேல் சாய்ந்தபோது கூட யாரும் வாயைத் திறக்கவில்லை. எந்த மாமியாரும் ஒரு வீட்டில் இத்தனை நாட்டாமை பண்ணியிருக்க மாட்டாள்.

இந்த வருஷம் ஃபைலுக்கு அவசரமும் வந்துவிட்டது. நவம்பரில் வான்மதிக்கு இருபத்தொரு வயது. அதற்குள் மனு உள்ளே போகாவிட்டால் அவள் அப்பாவின் மனுவிலிருந்து உதிர்ந்துவிடுவாள். ஆறு வயதிலிருந்து வளர்ந்த ஊரில் தனியாக ஒரு விசா தேட வேண்டும். கிடைக்காவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத தமிழோடு கோபிக்குப் போக வேண்டும். பதினான்கு வருஷமாக நகர்வதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த கிரீன் கார்டு வரிசை இப்போதுதான் அவர்கள் இடம்பிடித்த தேதிக்குக் கிட்டே வந்திருந்தது.

"இன்னும் எட்டு மாசம். யாரும் ஒண்ணும் பண்ணாதீங்க" என்றான் சேனாபதி.

ஒன்றும் பண்ணாமல் இருப்பதில் தனபாக்கியத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மார்ச் மாதத்தில் நூலகத்துச் சுவரில் ஒரு அறிவிப்பைப் பார்த்தாள். 'ஃபிகர் டிராயிங். டச்சு ஓவியர்கள் வரைந்த வழியில். வெள்ளிக்கிழமை காலை. இலவசம். பெயர் பதிய வேண்டாம்.' அவளைப் பிடித்து இழுத்தது படமும் அல்ல, டச்சும் அல்ல, அந்தக் கடைசி வரிதான். இந்த நாட்டில் எந்தப் படிவமும் நிரப்பாமல் அவள் போய் உட்காரக்கூடிய இடம் கோயிலுக்கு அடுத்து இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். காலையில் சேனாபதிக்கு இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, லைப்ரரிக்குப் பக்கத்துல ஒரு கிளாஸ் நடக்குதாமா. ஃபிகர் டிராயிங்காமா. போயிட்டு வரட்டுங்களா?"

"ஃபிகரா? அடக் கெரகமே!" சேனாபதிக்கு இட்லி தொண்டையில் நின்றது. "காலேஜ்ல நாலு வருசம் ஈரோடு பஸ் ஸ்டாண்டுல நின்னு நாங்க பண்ணுனது பூராம் ஃபிகர் ஸ்டடிதான். அதுக்கு இங்க கிளாஸ் வேற வெக்கறாங்களா?"

அவனே சொல்லி அவனே சிரித்து முடித்த பிறகு, ஃபார்ம் ஏதாவது கேட்பார்களா என்று விசாரித்தான். இல்லை என்றதும் தலையாட்டினான். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வகுப்பு ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. நடத்தியவள் ரூத், ஐம்பது வயதுக்காரி, முழங்கைவரை கரி பூசிக்கொண்டு திரிபவள். முதல்நாள் எல்லோர் கையிலும் ஒரு குச்சியைக் கொடுத்தாள். கறுப்புச் சாக். மண்ணுக்கடியிலிருந்து வெட்டியெடுப்பதாம், லேசில் கிடைக்காதாம், முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் ஹாலந்தில் இதை வைத்துத்தான் மனிதர்களை வரைந்தார்களாம். ரூத் சொல்லி முடிப்பதற்குள் டக்கென்று ஒரு சத்தம். தனபாக்கியம் குச்சியை இரண்டாக உடைத்துவிட்டாள்.

அறையே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. கோபியில் புது சாக்பீஸை முழுசாகப் பலகையில் வைத்து இழுத்தால் கிரீச்சென்று பல் கூசும், அதனால் எடுத்ததும் உடைப்பாள். கைக்கு அது இன்னும் மறக்கவில்லை. "ஐ வாஸ் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள், மன்னிப்புக் கேட்கிற குரலில். ரூத் ஒரு நிமிஷம் அந்தத் துண்டுகளைத் துக்கத்தோடு பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். பெயரைக் கேட்டாள். தனம் என்றது ரூத் காதில் டானா என்று விழுந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலைகளில் அவள் டானா.

ஏப்ரலில் ரூத் வகுப்பிலிருந்த ஒன்பது பேரையும் அரைமணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு சின்ன மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். சுவரில் மாட்டியதைப் பார்ப்பதற்கல்ல. உள்ளே ஒரு அறையில், பெட்டியிலிருந்து படங்களை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள், மூக்கு உரசும் கிட்டத்தில் பார்க்கலாம். பேனா கூடாது, பென்சில் மட்டும். அங்கே பொறுப்பிலிருந்த பெண்மணி நாலு தாள்களை எடுத்து வைத்தாள். தூங்கும் ஒரு கிழவர். குனிந்து செருப்பை மாட்டும் ஒருவன். காய் நறுக்கும் ஒரு வேலைக்காரி. நாலாவது, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், முதுகுப் பக்கத்திலிருந்து. ராஜா ராணி ஒருத்தரும் இல்லை என்பதே தனபாக்கியத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த நாலாவது தாளைவிட்டு அவள் நகரவில்லை. கறுப்புச் சாக்கில் தோள் ஒரு இடத்தில் வரைந்து, சரியில்லையென்று கொஞ்சம் கீழே இன்னொரு தோள் வரைந்து, அதன்மேல் பழுப்பு மசியால் ஒரே கோடு. ரூத் அதைக் காட்டி ஒன்று சொன்னாள்: சாக்கில் தேடுவார்கள், மசியில் முடிவு செய்வார்கள். சாக்கைத் துடைக்கலாம், மசியைத் துடைக்க முடியாது.

மியூசியப் பெண்மணி வேறொன்று சொன்னாள். அந்தக் காலத்தில் ஓவியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒருத்தியை நடுவில் உட்கார வைத்துச் சுற்றி அமர்ந்து வரைவார்கள். அதனால் ஒரே பெண்ணின் முகம் ஒரு ஊரிலும் முதுகு இன்னொரு ஊரிலும் இன்று கிடைக்கிறது. வரைந்தவன் பெயரைக் கண்டுபிடிக்கப் படித்தவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். உட்கார்ந்தவள் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. தாளின் கீழே இருந்த சீட்டில் 'உட்கார்ந்திருக்கும் பெண், பின்புறத் தோற்றம்' என்றுதான் இருந்தது.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பார்த்து வரைவதற்காக நடுவில் உட்காரும் மாடல் வரவில்லை. பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, வழியில் கார் நின்றுவிட்டது. இந்த வகுப்பில் மாடல்கள் உடுத்த உடையோடுதான் உட்காருவார்கள். ரூத் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். தனபாக்கியம் அன்று கோயிலிலிருந்து நேராக வந்திருந்தாள், அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலையில். ரூத்தின் கண் அந்தச் சேலையின் மடிப்புகளில் போய் நின்றது. டச்சுக்காரர்களுக்கு மடிப்பு என்றால் உயிராம். கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உட்கார்ந்தால் போதுமா?" என்று இவள் கேட்டாள்.

உட்கார்ந்தால் போதும்.

இருபது நிமிஷம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி இருபது நிமிஷம். முதுகு சாய இடமில்லாத ஸ்டூல். வசதியாக உட்காரச் சொன்னபோது அவள் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்த காலத்துப் பழக்கம். பிறகு அசையவில்லை. முதல் ஐந்து நிமிஷத்தில் மூக்கு அரித்தது. பதினேழாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்ல ஆரம்பித்தாள், பதினேழு பதினேழு இருநூற்று எண்பத்தொன்பது வரும்போது அரிப்பு போய்விட்டது. சுற்றிலும் சாக் உரசும் சத்தம். எட்டுப் பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் அவளிடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் கூட. பதினான்கு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்ததில் இன்றைக்குத்தான் யாருக்கோ பிரயோஜனம்.

முடிந்ததும் ரூத் கைதட்டினாள். "டானா, நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை" என்றாள். இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்பவர்களே அரைமணி நேரத்தில் நெளிவார்களாம்.

அவள் எழுந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு போனாள். எட்டுத் தனபாக்கியம். மூக்கு பெரியதாக ஒன்று, சேலை மட்டும் நன்றாக வந்து ஆள் வராமல் ஒன்று. கடைசியில், அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பல் டாக்டரின் தாள். சாக்கில் தேடிவிட்டு மசியில் முடித்திருந்தார். கொண்டை, பிடரி, தோள், அதற்குக் கீழே பின்னால் கட்டிய கைகள். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றால் போதாது. கெட்டியாக, விரல் நுனி சதைக்குள் அழுந்த, ஓடிவிடப் போகிற ஒருத்தியைப் பிடித்து வைத்திருப்பது மாதிரி.

டாக்டர் சங்கடத்தோடு, கையை மிகைப்படுத்திவிட்டேனோ என்று கேட்டார். அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நாலு விரல் தடம் சிவப்பாக இருந்தது. யாருக்கும் தன் முதுகைப் பார்க்க வாய்ப்பதில்லை. இத்தனை வருஷம் இப்படியா உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கு அழுகை வந்தது. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கிளம்பும்போது ரூத் ஒரு சின்ன மரப்பெட்டியை நீட்டினாள். உள்ளே பன்னிரண்டு கறுப்புச் சாக். "உடைத்துக்கொள்" என்றாள்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ரூத் அன்று மதியமே டாக்டரின் படத்தைப் போட்டோ எடுத்து வகுப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டாள். 'எங்கள் அருமையான மாடல் டானாவுக்கு நன்றி.' முகம் இல்லை, பெயரும் பாதிப் பெயர். ஆனால் பக்கத்துத் தெருவில் விஷாகா என்று ஒருத்தி இருக்கிறாள். சென்னைக்காரி, தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுவைக் காவல் காப்பவள். பொங்கல் விழாவில் அந்தச் சுங்குடிச் சேலையை எங்கே வாங்கினாய் என்று மூன்று முறை கேட்டவள். மசியில் வரைந்த புள்ளிகளை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். சாயங்காலம் ஃபோனும் பண்ணினாள்.

"ஏய் தனம், மாடல் ஆயிட்டியாமே! சொல்லவே இல்ல? குரூப்ல போட்டுட்டேன், எல்லாரும் செம்ம ஹாப்பி!"

எல்லாரும் எத்தனை சந்தோஷம் என்பதைச் சேனாபதி ரயிலிலேயே பார்த்துவிட்டான். வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபோனை நீட்டினான்.

"தனம், இது நீதான?"

"முதுகப் பாத்தே கண்டுபுடிச்சிட்டீங்களா?" அவளுக்கு ஒரு கணம் உள்ளூரப் பூரிப்பு.

"நா எங்க கண்டுபுடிச்சேன். விஷாகா போட்டுருக்குது. கீழ பதினேழு பேரு சிரிச்சு வெச்சிருக்கானுக. 'சேனாபதி வூட்டு ஃபிகர் ஸ்டடி'ன்னு ஒருத்தன் எழுதியிருக்கான்."

"அது உங்க ஜோக்குத்தானுங்களே. அன்னைக்கு அப்பிடிச் சிரிச்சீங்க?"

"அன்னைக்கு உன்னையச் சொல்லலியே!"

பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களெல்லாம் யாரோ வீட்டுப் பெண்கள்தானே என்று அவள் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவன் அடுத்ததற்குப் போய்விட்டான். கேலி அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாடல்னு போட்டுருக்காங்க தனம். மாடல்னா அது ஒரு ஜாப் டைட்டில். வெளங்குதா? ஜாப் டைட்டில்!"

"நா சும்மா உக்காந்தேனுங்க."

"அந்த மாடல் புள்ளை வந்திருந்தா அதுக்குச் சம்பளம் உண்டுல்ல? அப்ப அது வேலை. நீ செஞ்சாலும் வேலைதான். இதென்ன பொட்டி?"

"சாக்பீஸுங்க."

"சாக்பீஸோ சட்டியோ. உக்காந்ததுக்கு ஒண்ணு குடுத்தா அதும்பேரு காம்பன்சேஷன்." அவன் பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். "ஆபீசர் இப்பெல்லாம் ஃபேஸ்புக் பாக்கறாங்களாமா. அனுமதி இல்லாம வேலை பாத்தியான்னு ஃபார்முல கேள்வியே இருக்குது. நா என்னன்னு எழுதட்டும்?"

மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த வான்மதி இறங்கி வந்து ஃபோனைப் பார்த்தாள். "அப்பா, இது ஜஸ்ட் அம்மாவோட முதுகு. யூ கான்ட் ஈவன் சீ ஹெர் ஃபேஸ். இது ஒண்ணும் ஆகாது."

"உனக்காகத்தாங் கண்ணு பயப்படறேன்" என்றான் சேனாபதி. "நவம்பர் வருதுல்ல."

வான்மதி அம்மாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். சேனாபதி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தெட்டு வயது, பதினான்கு வருஷமாக அதே நாற்காலி, அதே பதவி. அவனுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த பையன்களெல்லாம் இன்று அவனுக்கு மேலே. அவனும் ஒரு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருப்பவன்தான் என்று தனபாக்கியத்துக்குத் தோன்றியது. சேனாபதியோடு சண்டை போடலாம். நவம்பரோடு சண்டை போட முடியாது.

வக்கீலுக்கு மெயில் போனது. இரண்டு பக்கம், சாக்பீஸ் பெட்டியின் போட்டோவோடு. ஒரே வரியில் பதில் வந்தது: பிராபப்ளி ஃபைன், அநேகமாக ஒன்றும் ஆகாது, ஆனாலும் இனிமேல் தவிர்ப்பது நல்லது. வேறு யாராவதாக இருந்தால் 'ஃபைன்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். சேனாபதி 'பிராபப்ளி'யைப் பிடித்துக்கொண்டான். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தனபாக்கியம் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்து போனாள். பன்னிரண்டில் ஒன்றைக்கூட உடைத்திருக்கவில்லை.

"இட்ஸ் ஜஸ்ட் சாக், டானா" என்றாள் ரூத். ஏதாவது தப்பாகச் செய்துவிட்டோமா என்று கேட்டாள். தனபாக்கியத்துக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசை, தேதி, நவம்பர், நீல ஃபைல் இதையெல்லாம் சொல்லி முடிக்க அவள் இங்கிலீஷ் போதாது, யாருடைய இங்கிலீஷும் போதாது. "கிரீன் கார்டு" என்றாள். ரூத் வேறெதுவும் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அங்கேயே ஃபோனை எடுத்து 'மாடல்' என்ற வார்த்தையையும் 'டானா'வையும் அழித்துவிட்டு, படம் இருக்கட்டுமா என்று கேட்டாள். டாக்டர் ஆசைப்படுகிறாராம். புதிதாக என்ன எழுதியிருக்கிறாள் என்று தனபாக்கியம் எட்டிப் பார்த்தாள். 'உட்கார்ந்திருக்கும் பெண், பின்புறத் தோற்றம்.'

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஈரத்துணியால் யாரோ அவளைக் கரும்பலகையிலிருந்து துடைத்துவிட்டது போல இருந்தது. அவளே போய்த் துடைக்கச் சொன்னது வேறு. கார்டு வரும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சேனாபதி சொல்லியிருந்தான். அதன் பிறகு வெள்ளிக்கிழமை காலைகளில் அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சில சமயம் கை பின்னால் போயிருப்பதை உணர்ந்து வலுக்கட்டாயமாக முன்னால் எடுத்து வைப்பாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி போயிருக்கும்.

ஆகஸ்டில் தேதி வந்தேவிட்டது. சேனாபதி சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஈரம் காயும்வரை காத்திருந்து, படிவங்களைப் பரப்பினான். கறுப்பு மசியில் மட்டும் எழுதவும் என்று போட்டிருந்ததால் ஒரே மாதிரி மூன்று கறுப்புப் பேனா வாங்கி வைத்திருந்தான். தனபாக்கியத்தின் படிவத்தில் ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படித்து நிரப்பினான். ஆயுதப் பயிற்சி எடுத்ததுண்டா? இல்லை. அரசைக் கவிழ்க்க முயன்றதுண்டா? இல்லை. அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்ததுண்டா?

பேனா நின்றது. அவன் அவளைப் பார்த்தான். அவள் பேனா முனையைப் பார்த்தாள்.

அது வேலைதான். அவன் பயத்தில் சொன்னது முழுக்க உண்மை என்று அவளுக்குத் தெரியும். ஒரு நல்ல வேலையை, வேறு யாரும் செய்ய முடியாத அளவுக்கு நன்றாக, நாற்பது நிமிஷம் அவள் செய்திருந்தாள். இந்த நாட்டில் பதினான்கு வருஷத்தில் அவள் செய்த ஒரே வேலை அது. அதைத்தான் இப்போது செய்யவேயில்லை என்று எழுத வேண்டும்.

"இல்லைன்னே போடுங்க" என்றாள்.

அவன் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தான். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள். தொட்டுப் பார்த்தாள், மசி அதற்குள் காய்ந்திருந்தது.

செப்டம்பர் கடைசியில் விரல்ரேகைக்கும் புகைப்படத்துக்கும் குடியேற்ற அலுவலகத்தில் மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். சேனாபதி ஒன்றரை மணி நேரம் முன்பே கொண்டுபோய் நிறுத்திவிட்டான். உள்ளே வரிசையாக மேஜைகள். அவனுக்கு உள்ளங்கை வியர்த்து ரேகை பதியவே மாட்டேன் என்றது, துடைத்துத் துடைத்து நாலு முறை எடுத்தும் முடியவில்லை. வான்மதிக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

தனபாக்கியத்தின் மேஜையில் இருந்தவள் வாட்டசாட்டமான, கலகலப்பான ஒரு பெண். கையைக் கொடு என்றாள். தனபாக்கியம் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்துச் சிரித்து, தானே எட்டி மணிக்கட்டைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். கண்ணாடிமேல் ஒவ்வொரு விரலாக உருட்டியபோது விரல் விறைத்துக்கொண்டு நின்றது.

"ரிலாக்ஸ், ஹனி. கையை விட்டுவிடு. வேலையை நான் செய்கிறேன்" என்றாள், அவர்கள் எல்லோரிடமும் சொல்கிற இங்கிலீஷில்.

அடுத்து புகைப்படம். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூல், சாய இடமில்லாதது. தனபாக்கியம் உட்கார்ந்தாள். அசையாதே என்றாள் அந்தப் பெண். ஒரே எடுப்பில் படம் விழுந்தது. திரையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் விசில் அடித்தாள். பக்கத்து மேஜையில் சேனாபதி ஐந்தாவது முறையாக உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாவ்! காலையிலிருந்து இப்படி ஒருத்தரும் உட்காரவில்லை" என்றாள் அந்தப் பெண், உரக்கவே. "இதைத்தான் நீ வேலையாகச் செய்கிறாயா? மாடலா நீ?"

சேனாபதியின் கை துணியோடு அப்படியே நின்றுவிட்டது. தனபாக்கியம் அவன் பக்கம் திரும்பவில்லை.

"நோ" என்றாள். "நெவர்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏதோ பொத்தானை அழுத்தினாள், ஒரு காகிதத்தில் முத்திரை குத்தினாள், அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள், தனபாக்கியம் இன்னும் ஸ்டூலிலேயே இருந்தாள்.

"முடிந்தது ஹனி, இப்போது நீ அசையலாம்" என்றாள், இரண்டாவது முறையாக.